காணிச் சண்டை வந்தால் முதலில் எதைப் பார்ப்பது? தேசவழமைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

செத்தவீட்டு அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு வருகிற முதல் கேள்வி, "எனக்கு எத்தனை பரப்பு வரும்?" என்பதுதான். கேட்கவேண்டிய கேள்விதான், ஆனால் மூன்றாவதாகக் கேட்கவேண்டியது. முதலாவது, இறந்தவர் எந்தச் சட்டத்துக்குள் இருந்தார். இரண்டாவது, அவர் விட்டுப்போன ஒவ்வொரு காணியும் எந்த வழியாக அவர் கைக்கு வந்தது. இந்த இரண்டையும் விசாரிக்காமல் உங்களுக்கு மூன்றில் ஒன்று, அம்மாவுக்குப் பாதி என்று யாராவது கணக்குச் சொன்னால், அவர் சித்தப்பாவாக இருந்தாலும் சரி, கறுப்புக் கோட்டுப் போட்டவராக இருந்தாலும் சரி, நம்பவேண்டாம்.

இலங்கையில் சொத்துரிமைக்கு ஒரே சட்டம் கிடையாது. தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்), கண்டிச் சட்டம், முஸ்லிம் சட்டம், இந்த மூன்றுக்குள்ளும் வராதவர்களுக்குப் பொதுச் சட்டம் என்று நான்கு வழி ஓடுகிறது. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை (பிரதேச நிர்வாக அதிகாரி) 1706, 1707 வாக்கில் எழுதி முடித்தார், அதை 12 முதலியார்கள் பார்த்துச் சரி சொன்னார்கள். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். ஆனால் இன்று நீதிமன்றத்தில் நிற்பது அந்தப் பழைய ஏடு மட்டும் இல்லை. 1911இல் வந்த யாழ்ப்பாண விவாக உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் 1947இல் அதற்கு வந்த திருத்தமும்தான் பெரும்பாலான விஷயங்களைத் தீர்மானிக்கின்றன. இந்தச் சட்டங்கள் பேசாத இடத்தில்தான் பழைய தேசவழமை எட்டிப்பார்க்கும். "எங்கட வழக்கத்தில இப்பிடித்தான்" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி 1911க்கு முந்தியது. மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அதை வைத்து உறுதி (காணிப் பத்திரம்) எழுதாதீர்கள்.

யார் எந்தச் சட்டத்துக்குள்?

தமிழராக இருந்தால் தேசவழமை என்று நினைப்பதுதான் இங்கே நடக்கிற மிகப் பெரிய பிழை. 1806 ஒழுங்குவிதி சொல்வது, யாழ்ப்பாண மாகாணத்தில் வாழும் மலபார் மக்கள், அதாவது அங்கே நிரந்தர இருப்பிடம் கொண்ட தமிழர் என்று. இன்றைய கணக்கில் வட மாகாணம்: யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. சைவமா வேதமா என்பது இங்கே கணக்கில் இல்லை, வடக்கில் வேரூன்றிய கத்தோலிக்கத் தமிழரும் இதற்குள் வரலாம். மலையகத் தமிழர், கொழும்புச் செட்டிமார் எல்லாம் பொதுச் சட்டம். வடக்கில் வாழும் முஸ்லிம்கள் தேசவழமைக்குள் வரமாட்டார்கள், அவர்களுக்கு 1931ஆம் ஆண்டு முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம். மட்டக்களப்பில் ஒருகாலம் முக்குவர் சட்டம் என்று தாய்வழியாக ஓடிய ஒரு வழமை இருந்தது, 1876க்குப் பிறகு அது ஒதுங்கிவிட்டது, இப்போது அங்குள்ள தமிழருக்கும் பொதுச் சட்டம்தான். மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது இன்னும் வழக்கம், ஆனால் அது குடும்ப வழக்கம், நீதிமன்றத்தில் கேட்டு வாங்கக்கூடிய உரிமை இல்லை.

அடுத்த சிக்கல் கொழும்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் முப்பது வருசம் வேலை செய்து, அங்கேயே வீடு வாங்கி, அங்கேயே இறந்த ஒருவர் இன்னும் தேசவழமைக்குள்தானா? தேசவழமை ஆளோடு போகிற சட்டம், காணி இருக்கிற ஊரோடு மட்டும் ஒட்டியது இல்லை. ஆகவே வேலைக்காகக் கொழும்பில் இருந்தார் என்பதற்காக அவர் அதை விட்டு வெளியே வந்துவிடமாட்டார். ஆனால் யாழ்ப்பாணத்தோடு இருந்த இருப்பை முழுதாக முடித்துக்கொண்டு வேறிடத்தை நிரந்தரமாக்கிவிட்டார் என்று காட்டினால் கதை மாறும். இந்த ஒரு கேள்விக்காகவே நூறு வருசத்துக்கு மேலாக வழக்குகள் ஓடியிருக்கின்றன. நீங்கள் தேடவேண்டியது: ஊர் வீட்டை வைத்திருந்தாரா, வாக்காளர் பதிவு எங்கே, நல்லது கெட்டதுக்கு எங்கே போனார், கோயில் உபயம் யார் பெயரில், தன்னுடைய உறுதிகளில் தன்னை "யாழ்ப்பாணம் இன்ன ஊரைச் சேர்ந்த" என்று எழுதுவித்தாரா, கொழும்பு முகவரியை மட்டும் போட்டாரா. உறுதியின் முதல் வரியை யாரும் வாசிப்பதில்லை. அதுதான் பல நேரம் சாட்சி.

திருமணம் இதை இன்னும் திருப்பிப் போடுகிறது. 1911 சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, தேசவழமைக்குள் இருக்கிற ஆண் வெளியே பெண் எடுத்தால் அந்த மணவாழ்க்கை நீடிக்கும்வரை மனைவியும் தேசவழமைக்குள் வந்துவிடுகிறார். தேசவழமைப் பெண் வெளியே மாப்பிள்ளை எடுத்தால், மணவாழ்க்கை நீடிக்கும்வரை அவர் தேசவழமையை விட்டு வெளியே போய்விடுகிறார். மனைவி கணவனோடு இழுபட வேண்டும் என்கிற அந்தக் காலத்துக் கணக்கு. நியாயமா என்று கேட்டால் இல்லை, ஆனால் 1978 அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை ஏற்கெனவே இருந்த சட்டங்களை அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்று காப்பாற்றி வைத்திருக்கிறது. சமத்துவம் என்று சொல்லி இதை உடைக்கப் போய் நேரத்தை வீணாக்கவேண்டாம்.

இதனால் என்ன வருகிறது என்று ஒரு கற்பனைக் குடும்பத்தில் பாருங்கள். சுன்னாகத்து அக்கா ஒருவர் மட்டக்களப்பு மாப்பிள்ளையைக் கட்டுகிறார். தகப்பனிடமிருந்து வந்த தோட்டக்காணி அவர் பெயரில் இருக்கிறது. அவர் மரணசாதனம் (உயில்) எழுதாமல் காலமானால், மணவாழ்க்கை நடந்துகொண்டிருந்ததால் பொதுச் சட்டம். அந்தத் தோட்டத்தில் பாதி கணவருக்கு. தம்பிமார் "அது எங்கட அப்பான்ர முதுசொம், அத்தானுக்கு என்ன உரிமை?" என்று குதிப்பார்கள். அதே அக்கா உடுவிலில் ஒரு மாப்பிள்ளையைக் கட்டியிருந்தால் கணவருக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.

ஒவ்வொரு காணியும் எப்படி வந்தது?

ஒரு கொப்பி எடுங்கள். ஒரு காணிக்கு ஒரு பக்கம். காணியின் பெயர், பரப்பு, உறுதி இலக்கம், திகதி, உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயர், கொடுத்தவர், வாங்கியவர், காசுக்கா சும்மாவா. எல்லாவற்றையும் கூட்டி மொத்தச் சொத்து இவ்வளவு என்று போடாதீர்கள், தேசவழமையில் மொத்தம் என்று ஒன்று கிடையாது. ஒரே ஆளின் மூன்று காணிகள் மூன்று பேரிடம் போகலாம்.

பெற்றோர், பாட்டன், பாட்டி என்று மேலே இருந்து வாரிசுரிமையாக இறங்கி வந்தது முதுசொம். பிள்ளை இல்லாத மாமாவோ சகோதரமோ இறந்து அதனால் வந்தது உரிமை. கல்யாணத்தோடு பெண்ணுக்கு எழுதிக்கொடுத்தது சீதனம். மணவாழ்க்கைக்குள் காசு கொடுத்து வாங்கியது தேடிய தேட்டம். சீதனமும் முதுசொமும் அவரவருடைய தனி ஆதனம்.

சண்டை வருவது தேடிய தேட்டத்தில்தான். 1947 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய காசு ஒருவருடைய தனி ஆதனத்திலிருந்து வந்ததாக இருந்தால் வாங்கிய காணி தேடிய தேட்டம் ஆகாது. அதாவது அப்பா தன்னுடைய முதுசொத் தோட்டத்தை விற்று அந்தக் காசில் கொக்குவிலில் வளவு வாங்கினார் என்றால் அந்த வளவும் அவருடைய தனி ஆதனமாகவே நிற்கும். சம்பளக் காசில் வாங்கினால் தேடிய தேட்டம். பார்வைக்கு இரண்டு உறுதியும் ஒன்றுபோல இருக்கும், இரண்டிலும் "அறுதி உறுதி" (விற்பனைப் பத்திரம்) என்றுதான் போட்டிருக்கும். வித்தியாசத்தைக் காட்டுவது விற்ற திகதிக்கும் வாங்கிய திகதிக்கும் இடையில் இருக்கிற தூரம், வங்கிப் புத்தகம், அந்த நேரம் அவருக்கு இருந்த சம்பளம். ஆகவே விற்ற காணியின் உறுதியையும் தேடி எடுத்து வையுங்கள், விற்றாச்சே என்று எறியவேண்டாம். இன்னொன்று, மணவாழ்க்கைக் காலத்தில் தனி ஆதனத்திலிருந்து வந்த வருமானம் தேடிய தேட்டக் கணக்கில் சேரும். தோட்டம் முதுசொம், தோட்டத்துக் குத்தகைக் காசு தேடிய தேட்டம்.

மனைவியின் சீதன வளவில் கணவர் உழைத்துக் கட்டிய வீடு இன்னொரு தலையிடி. பொது விதி என்னவென்றால் காணி யாருடையதோ கட்டடமும் அவரோடு போகும். கணவர் பக்கம் போட்ட காசுக்கு நட்டஈடு கேட்கலாம், அது வேறு வழக்கு, வேறு ஆதாரம். "வீடு அப்பா கட்டினது, ஆகவே அப்பான்ர சொத்து" என்று பிள்ளைகள் அம்மாவைப் பார்த்துச் சொல்வது சட்டத்தில் நிற்காது.

இப்போது கணக்கு

யாழ்ப்பாணத்து அப்பா, யாழ்ப்பாணத்து அம்மா, இரண்டு மகன், ஒரு மகள். அப்பா மரணசாதனம் இல்லாமல் இறந்தார். 12 பரப்பு முதுசொ வயல் (16 பரப்பு ஒரு ஏக்கர், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்), அம்மாவின் சீதன வளவு, 1995இல் அப்பா சம்பளக் காசில் தன் பெயரில் வாங்கிய வெள்ளவத்தை வீடு.

வயல் முழுவதும் பிள்ளைகளுக்கு, ஆளுக்கு 4 பரப்பு. அம்மாவுக்கு அதில் பங்கு இல்லை, தேசவழமையில் வாழ்க்கைத்துணை மற்றவரின் தனி ஆதனத்துக்கு வாரிசு இல்லை. சீதன வளவு அம்மாவுடையது, இந்தக் கணக்குக்குள்ளேயே வராது, அவர் உயிரோடு இருக்கும்வரை அதைப் பிரிப்பது பற்றி யாரும் வாய் திறக்கவேண்டியதில்லை. வெள்ளவத்தை வீடு அப்பாவின் தேடிய தேட்டம்: பாதி அம்மாவுக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு, ஆளுக்கு ஆறில் ஒன்று.

இதே குடும்பம் பொதுச் சட்டத்துக்குள் இருந்தால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அப்பாவின் எல்லாச் சொத்திலும் பாதி அம்மாவுக்கு, பாதி பிள்ளைகளுக்கு. வயலில் அம்மாவுக்கு 6 பரப்பு, பிள்ளைகளுக்கு 2 பரப்பாக வரும். எந்தச் சட்டம் என்ற ஒரு கேள்வி அம்மாவின் 6 பரப்பைத் தூக்கிக் கொடுக்கவும் பறிக்கவும் செய்கிறது. அப்பா யாழ்ப்பாணத்தவரா கொழும்பவரா என்று நீதிமன்றத்தில் மூன்று வருசம் வாதாடுவது இதற்காகத்தான்.

பிள்ளை இல்லாமல் ஒருவர் இறந்தால் நிலைமை இன்னும் கடுமை. முதுசொம் மனைவிக்குப் போகாது. பெற்றோர், சகோதரங்கள் என்று அவர் பிறந்த பக்கத்துக்குத் திரும்பும். அவர்களும் இல்லாமல் தூரத்து உறவுக்குப் போகவேண்டிய கட்டத்தில், தகப்பன் வழியாக வந்தது தகப்பன் வழிக்கும் தாய் வழியாக வந்தது தாய் வழிக்கும் என்று ஓடும். இருபது வருசம் அந்தக் காணியைக் கணவரோடு சேர்ந்து செய்த மனைவி, கணவரின் சகோதரங்களைக் கேட்டு நிற்கவேண்டி வரும். பிள்ளை இல்லாத தம்பதிகள் இதை வாசித்தால், மிச்சத்தை விட்டுவிட்டு நேராக மரணசாதனம் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

இனிச் சீதனம் வாங்கிய மகள். பழைய தேசவழமையில், கல்யாணத்தில் சீதனம் பெற்ற பெண் அதோடு திருப்திப்படவேண்டும், மிச்சத்தில் சகோதரரோடு பங்கு கேட்கமுடியாது. சீதனம் பெறாத மகளுக்கு ஆண்பிள்ளையோடு சமபங்கு. மேலே உள்ள குடும்பத்தில் மகளுக்குச் சீதனம் எழுதியாச்சு என்று தம்பிமார் நிறுவினால் வயல் 6 பரப்பாக இரண்டு பேருக்குப் பிரியும் என்று வாதாடுவார்கள். இங்கே எல்லாம் உறுதியின் வாசகத்தில் தொங்குகிறது. சீதன உறுதி என்று எழுதினார்களா, வெறும் நன்கொடை உறுதியா? கல்யாணத்தோடு ஒட்டிக் கொடுத்ததா, பத்து வருசம் கழித்து அன்பாகக் கொடுத்ததா? சொன்னதைக் கொடுத்தார்களா, பேச்சில் மட்டும் கொடுத்தார்களா? சகோதரிகளுக்கு என் அறிவுரை, கல்யாண நேரத்து உறுதிப் பிரதியை உங்கள் கையில் வைத்திருங்கள், அம்மாவின் அலுமாரியில் விடாதீர்கள். பெற்றோருக்கு: கல்யாணத்துக்குப் பின் மகளுக்கு எதையாவது எழுதினால் அது எதற்காக, இனியும் பங்கு உண்டா இல்லையா என்று உறுதியிலேயே ஒரு வரி போடச் சொல்லுங்கள். நொத்தாரிசுக்கு அது இரண்டு நிமிச வேலை.

வன்னிக் காணியைத் தனியாக வையுங்கள்

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவில் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணிகள் பலவும் அனுமதிப்பத்திரக் காணிகள், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வருபவை. அவற்றுக்குத் தேசவழமையும் இல்லை, பொதுச் சட்டமும் இல்லை. பின்னுரிமையாளராகப் பெயர் குறித்து வைத்திருந்தால் அவருக்கு, குறிக்காவிட்டால் அந்தச் சட்டத்தின் அட்டவணைப்படி. பழைய அட்டவணையில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை இருந்தது, 2022 திருத்தம் அதைச் சமப்படுத்தியது. இறப்பு எப்போது நடந்தது என்பதைச் சொல்லி பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள். அப்பாவின் முதுசொத்தில் எல்லாருக்கும் பங்கு உண்டு என்று பேசிய அதே வாயால் அனுமதிப்பத்திரக் காணியையும் நாலாகப் பிரிக்கிறோம் என்று கடதாசி எழுதினால் அது செல்லாது.

உறுதி இல்லை, எரிந்துவிட்டது என்றால்

இடம்பெயர்வில் உறுதிப் பெட்டியை விட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள் எத்தனை. பயப்படாதீர்கள். நொத்தாரிசு எழுதிய ஒவ்வொரு உறுதிக்கும் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், மூலப்படி நொத்தாரிசின் கோவையில் இருக்கும். உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசு பெயரும் தெரிந்தால் பிரதி கேட்கலாம். தெரியாவிட்டால் காணியின் பெயரையும் ஊரையும் எல்லைக்காரரையும் வைத்துப் பதிவேட்டைத் தேடவேண்டும். பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் உங்கள் காணியின் எல்லை விவரம் இருக்கும், அதைக் கேட்டு வாங்குவதுதான் குறுக்குவழி. அதனால்தான் எல்லைக்காரரோடு வேலிச் சண்டை போடுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.

பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளைப் பாட்டன் வரை எடுங்கள். ஒருவர் பெயர் மூன்று பத்திரத்தில் மூன்று விதமாக இருக்கும், சின்னத்தம்பி கந்தையா, கந்தையர், எஸ். கந்தையா என்று. மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி தயாரிக்க அந்த ஆளைத் தெரிந்த வயதானவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள்.

பெரியப்பா அங்கே இருக்கிறார், பத்து வருசம் போனால் அவருக்கா?

வெளிநாட்டில் இருப்பவர்கள் அதிகம் பயப்படுகிற விஷயம் இது. 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி பத்து வருசம் எதிரிடையாக, அதாவது சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல் தன்னுடையதென்று, ஆண்டவர் உரிமை கேட்கலாம், உண்மை. ஆனால் பங்குக்காரர் ஒருவர் பொதுக் காணியில் இருப்பது தானாக எதிரிடை ஆட்சி ஆகாது. 1911இல் கோரையா எதிர் அப்புஹாமி வழக்கில் அப்போது இலங்கைக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த விஷயம் இது: ஒரு பங்குக்காரரின் இருப்பு எல்லாப் பங்குக்காரருக்குமான இருப்பாகவே கொள்ளப்படும், மற்றவர்களை வெளியே தள்ளியதற்குச் சமமான ஒரு செயல் நடந்திருந்தால் ஒழிய. பெரியப்பா வீட்டில் இருந்து மாங்காய் பிடுங்கிச் சாப்பிட்டதால் காணி அவருடையது ஆகிவிடாது.

ஆனால் இதை நம்பித் தூங்கவும்கூடாது. மிக நீண்ட காலம் தனியே ஆண்டு, பலனை ஒருவருக்கும் கொடுக்காமல், கட்டடம் கட்டி, ஈடு வைத்து நடந்துகொண்டால் நீதிமன்றம் வெளியே தள்ளியதாக ஊகிக்கலாம். பத்து வருசத்துக்கு மேல் ஆண்டு அனுபவித்தேன் என்று தானே ஒரு உறுதி எழுதிப் பதிவதும் நடக்கிறது, அதனால் காணிப் பதிவேட்டை இடைக்கிடை பார்க்கச் சொல்லி ஒருவரை வையுங்கள். வருசத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: "எங்கள் பங்குக்கும் சேர்த்து நீங்கள் பார்த்துக்கொள்வதற்கு நன்றி, பெரியப்பா." அன்பான வரி, நீதிமன்றத்தில் கனமான வரி. அவர் பதில் போட்டால் இன்னும் நல்லது.

போர்க்காலத்தில் போய்ப் பார்க்கமுடியாமல் இருந்தவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலாவதி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஆயுதக் குழுவின் செயல்களால் உரிமையைத் தேடமுடியாமல் போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை எதிராளியின் கணக்கில் சேர்க்காமல் விட வழி செய்தது. அதில் வழக்குப் போட ஒரு கால எல்லை வைத்தார்கள், ஆகவே இன்று உங்களுக்கு அது உதவுமா என்று சட்டத்தரணியிடம் முதல் நாளே கேளுங்கள்.

சமரசம் என்றால் சரியான கடதாசியில்

பாகப்பிரிவினை வழக்கு 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் நடக்கும், வம்சாவளி முழுவதையும் போடவேண்டும், நில அளவையாளர் வருவார், யாரோ ஒருவர் கனடாவில் இருப்பார், இன்னொருவர் இறந்து அவர் பிள்ளைகள் வருவார்கள். வருசக்கணக்கில் இழுபடும். ஆகவே பேசித் தீர்ப்பது நல்லதுதான், மத்தியஸ்த சபைக்குப் போவதும் நல்லதுதான். ஆனால் பேசித் தீர்த்ததை ஒற்றைத் தாளில் எழுதி, கிராம சேவகர் முன்னால் எல்லாரும் கையெழுத்து வைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினால் காணி அசையாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாற நொத்தாரிசு முன் இரண்டு சாட்சியோடு உறுதி வேண்டும். பிரிப்பு உறுதி எழுதி, அளவைப் படம் இணைத்து, பதிந்து முடியுங்கள். அதற்கு முன் இறந்தவரின் சொத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நிர்வாக வழக்குத் தேவையா என்று பாருங்கள், குறித்த பெறுமதிக்கு மேல் போனால் தேவை. அதை விட்டுவிட்டு எழுதிய உறுதி பிறகு விற்கும்போது இடிக்கும்.

வெளிநாட்டிலிருந்து அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்புபவர்கள் "என் சகல சொத்தையும் விற்கவும்" என்று கண்ணை மூடி எழுதாதீர்கள். இன்ன காணி, இன்ன பங்கு, பிரிப்பு உறுதியில் கையெழுத்து வைக்க மட்டும் என்று எழுதுங்கள். அந்தப் பத்திரத்தைப் பெறுகிற தம்பி நல்லவர்தான், அவருக்குப் பிறகு யார் அதைக் கையில் வைத்திருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

தேசவழமைக்குள் இருக்கிற மணமான பெண் தன் காணியை விற்க, நன்கொடை கொடுக்க, ஈடு வைக்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவருடைய சொந்தச் சீதனத்துக்கும் அப்படித்தான். கணவர் விட்டுவிட்டுப் போனால், எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால், காரணமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி கொடுக்கும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாருக்கு இது சும்மா ஒரு பிரிவு இல்லை, வங்கிக் கடன் எடுக்கவும் பிள்ளைக்குச் சீதனம் எழுதவும் இந்த வாசலால்தான் போகவேண்டும். 2016இலிருந்து காணாமல் போனதற்கான சான்றிதழ் எடுக்கலாம், இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்கள் அதை எடுத்து மனுவோடு இணைக்கலாம்.

பிரிக்காத பங்கை வெளியாளுக்கு விற்பதற்கு முன், 1947இல் வந்த முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். வட மாகாணத்தில் தேசவழமைக்கு உட்பட்ட பிரிபடாத பங்கை விற்கும்போது மற்றப் பங்குக்காரருக்கும் நெருங்கிய வாரிசுகளுக்கும் அதை முதலில் வாங்க உரிமை உண்டு, முறைப்படி அறிவித்தல் கொடுக்கவேண்டும். அண்ணாவோடு கோபத்தில் இரகசியமாக விற்றால், வாங்கினவர் பிறகு உங்களைத்தான் தேடி வருவார்.

மரணசாதனம்

தேசவழமைக்காரர் தன் சொத்தை விரும்பியவருக்கு எழுதமுடியாது என்று ஒரு கதை ஊரில் ஓடுகிறது. பிழை. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி முதுசொத்தையும் எழுதலாம், மனைவிக்கே எழுதலாம், மணமான பெண்ணும் கணவரின் சம்மதம் இல்லாமல் எழுதலாம். நொத்தாரிசும் இரண்டு சாட்சியும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சி. பங்கு கிடைக்கப்போகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு நன்கொடை எழுதுகிறீர்கள் என்றால் உங்களுக்கும் துணைக்கும் சீவிய உரித்து (சாகும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து எழுதுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் நீங்களே விருந்தாளி. பிள்ளை இல்லாத தம்பதிகள் ஒருவருக்கொருவர் எழுதி வைக்கும்போது, இருவரும் ஒன்றாகப் போனால் யாருக்கு என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அந்த வரி இல்லாமல் இரண்டு பக்கத்துச் சகோதரங்களும் யார் முதலில் இறந்தார்கள் என்று வாதாடிக்கொண்டு நிற்பார்கள்.